தசைத் தளர்த்தி மாத்திரைகள்: உடல் பழகிப்போதல், விலகல் அறிகுறிகள், பத்திரமாக நிறுத்தும் முறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுப் பிடிப்புக்குப் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு வருடம் கழித்தும் தலைமாட்டிலேயே இருக்கிறது. ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மறுபடி ஒன்று போட்டதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. பழகிய மருந்தை விட்டதும் இப்படி வருபவைதான் விலகல் அறிகுறிகள். இந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் எழுதியது இது. மற்றதைப் படிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: சில வாரங்களுக்கு மேல் தினமும் எடுத்து வந்த மாத்திரையைக் கோபத்திலோ பயத்திலோ ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். சில மருந்துகளில் அந்தத் திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நான் எடுப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே அந்தச் சின்ன எழுத்துப் பெயரைப் பொறுத்தது.

‘தசைத் தளர்த்தி’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மருந்துகள். டான்ட்ரோலீன் மட்டும்தான் தசைக்குள்ளேயே வேலை செய்வது. மற்றவை பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன. நிறுத்தும்போது கவனம் வேண்டியவை முக்கியமாக நான்கு: காரிசோப்ரடோல், டயஸிபாம், பாக்லோஃபென், டிஸானிடின்.

சைக்ளோபென்ஸாப்ரின் கட்டமைப்பில் பழைய மனச்சோர்வு மருந்துகளின் நெருங்கிய உறவு. நீண்ட நாள் எடுத்துத் திடீரென்று விட்டால் குமட்டல், தலைவலி, உடல் சோர்வு வரலாம். உயிருக்கு ஆபத்தான விலகல் இதில் வழக்கமில்லை. குளோர்ஸாக்ஸஸோன், மெத்தோகார்பமால், தையோகால்சிகோசைடு ஆகியவற்றில் உடல் பழகிப்போவது பெரிய பிரச்சினை அல்ல, ஆனால் வேறு எல்லைகள் உண்டு. குளோர்ஸாக்ஸஸோன் அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும். தையோகால்சிகோசைடு மாத்திரையை 7 நாளுக்கு மேலும் ஊசியை 5 நாளுக்கு மேலும் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் வரம்பு வைத்தது. கர்ப்ப காலத்தில் அதை எடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். பல மாத்திரைகளில் தசைத் தளர்த்தியோடு பாராசிட்டமாலோ டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணியோ சேர்ந்திருக்கும். பிடிப்பு விடவில்லை என்று கூடுதலாக ஒன்று போடுகிறவர், தெரியாமலே அந்த மருந்துகளையும் கூட்டிக்கொள்கிறார். கல்லீரலும் வயிறும் சிறுநீரகமும் அடி வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

உடல் பழகிப்போவதும் அடிமையாவதும் ஒன்றுதானா?

இல்லை. இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனையோ பேர் வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமலே இருக்கிறார்கள்.

சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுத்தாலும் உடல் பழகிப்போகும். அது நரம்பு மண்டலத்தின் வேலை, ஒருவருடைய குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடிமைத்தனம் என்பது வேறு: தேவைக்கு மேல் எடுப்பது, இரண்டு டாக்டர்களிடம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் சீட்டு வாங்குவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் விட முடியாமல் போவது, மாத்திரையைச் சுற்றியே நாள் ஓடுவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டிலும் இது தெளிவாக இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி எடுக்கும் ஒருவருக்கு மருந்து பழகிப்போவதும், விட்டால் விலகல் அறிகுறி வருவதும் மட்டுமே போதைப் பழக்கம் என்ற கணக்கில் சேராது.

இரண்டுக்கும் உதவி உண்டு. ஆனால் உதவியின் வடிவம் வேறு. முதலாவதுக்கு அளவை மெதுவாகக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். இரண்டாவதுக்கு அதோடு மனநல ஆலோசனையும், மாத்திரையை வேறொருவர் கையில் வைத்து நாளுக்கு நாள் கொடுக்கும் ஏற்பாடும் வேண்டியிருக்கும்.

நிறுத்தினால் உடம்பு ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது?

மூளையில் அடக்கும் சமிக்ஞைகளும் தூண்டும் சமிக்ஞைகளும் தராசுத் தட்டுகள் போல நிற்கின்றன. காபா என்ற வேதிப்பொருள் அடக்கும் பக்கம். அது வந்து ஒட்டும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள். டயஸிபாம், காரிசோப்ரடோல் போன்றவை காபா-ஏ ஏற்பிகள் வழியாகவும் பாக்லோஃபென் காபா-பி ஏற்பிகள் வழியாகவும் அந்தத் தட்டில் எடையைக் கூட்டுகின்றன. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. அடக்கும் ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்து, எதிர்த் தட்டில் எடை போட்டு, நடுநிலைக்குத் திரும்பிவிடுகிறது. முன்பு ஒரு மாத்திரையில் கிடைத்த நிம்மதி இப்போது இரண்டில் கிடைப்பது இதனால்தான்.

மருந்தைச் சட்டென்று எடுத்தால் எதிர்த் தட்டின் எடை மட்டும் மிஞ்சும். தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, தசை விறைப்பு, மனப்பிரமை, வலிப்பு எல்லாம் அந்த எடையின் வேலை. மூளை அதை இறக்கி வைக்க வாரங்களோ மாதங்களோ ஆகும். நாம் அளவைக் குறைக்கும் வேகம் மூளை எடையை இறக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது. டிஸானிடின் மட்டும் வேறு பாதையில் போகிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

காரிசோப்ரடோல்: இதை ஏன் இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுகிறார்கள்?

காரிசோப்ரடோலை விழுங்கியதும் கல்லீரல் அதன் ஒரு பகுதியை மெப்ரோபமேட்டாக மாற்றுகிறது. மெப்ரோபமேட் 1955-இல் மனப்பதற்றத்துக்கான மாத்திரையாக விற்பனைக்கு வந்து, பழக்கத்தை உண்டாக்கும் என்று பிறகு பெயர் கெட்டுப்போன மருந்து. காரிசோப்ரடோல் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும், மெப்ரோபமேட்டுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம். ஆக, முதுகு வலிக்கு எடுப்பவர் தெரியாமலே ஒரு பழைய மனப்பதற்ற மருந்தையும் சேர்த்து எடுக்கிறார்.

இதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2007-இல் இதன் விற்பனையை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2012 ஜனவரி முதல் இது கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. டபென்டடோல் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணியோடு இதைச் சேர்த்துச் செய்த மாத்திரைகளின் ஏற்றுமதி அனுமதியை இந்திய அரசு 2025 பிப்ரவரியில் விலக்கிக்கொண்டது.

சீட்டில் எழுதப்படும் வழக்கமான அளவு 250 அல்லது 350 மி.கி., நாளுக்கு மூன்று வேளையும் படுக்கும் முன் ஒன்றும். அதிகபட்சம் 2 முதல் 3 வாரம்தான். அதற்கு மேல் பயன் உண்டு என்று காட்டும் ஆதாரம் இல்லை.

விலகல் பொதுவாகக் கடைசி மாத்திரைக்குப் பின் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும். பதற்றம், தூக்கமின்மை, வாந்தி, கை நடுக்கம், தசைத் துடிப்பு, நடை தள்ளாட்டம் என்று ஆரம்பித்து, அதிக அளவில் எடுத்தவருக்கு மனப்பிரமை, சித்தப்பிரமை, வலிப்பு வரை போகலாம். வழக்கமான அளவில் எடுத்தவருக்கு மருத்துவர்கள் வைக்கும் ஒரு குறைப்பு முறை இது: 350 மி.கி. மூன்று வேளை 3 நாள், இரண்டு வேளை 3 நாள், ஒரு வேளை 3 நாள், ஆக 9 நாள். வருடக்கணக்கில், அல்லது நாளுக்குப் பத்துப் பதினைந்து மாத்திரை எடுத்தவருக்கு இந்த 9 நாள் போதாது. அவர்களை வீட்டில் வைத்து முயலவே கூடாது. மருத்துவமனையில் சேர்த்து, நீண்ட நேரம் உடலில் நிற்கும் வேறொரு மருந்துக்கு மாற்றி, அதை மெதுவாகக் குறைப்பதுதான் வழி.

பாக்லோஃபென் பழக்கம் தராத மருந்து என்றார்களே?

ஏங்க வைக்கும் போதை பெரும்பாலானவர்களுக்கு இதில் இல்லை. அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் உடல் நிச்சயமாகப் பழகிப்போகும். திடீர் நிறுத்தத்தில் இந்த நான்கில் மிக மோசமாகத் திரும்புவது இதுவாகவும் இருக்கலாம்.

பாக்லோஃபென் உடலில் பாதியாகக் குறைய சில மணி நேரமே போதும். ஆகவே 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் விலகல் தலைகாட்டும். இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, குரல் கேட்பது, குழப்பம், வலிப்பு, அதிகக் காய்ச்சல், முன்பிருந்ததைவிடக் கடுமையான தசை விறைப்பு எல்லாம் வரலாம். விறைப்பு நீடித்தால் தசை நார்கள் சிதைந்து அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போவது அதன் அடையாளம்.

எவ்வளவு மெதுவாக? குறைந்தது 1 முதல் 2 வாரத்தில் படிப்படியாக என்பது பிரிட்டன் வழிகாட்டல். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வேகம். நாளுக்கு 60 மி.கி., அதாவது 20 மி.கி. மூன்று வேளை எடுப்பவர், வாரத்துக்கு 5 மி.கி. குறைத்தால் 12 வாரம் ஆகும். குறைப்பை மதிய வேளையில் தொடங்கினால் பலருக்குச் சிரமம் குறைவு. இரவு அளவைக் கடைசிக்கு வைத்தால் தூக்கம் ஓரளவு காப்பாற்றப்படும், இராத்திரித் தசை இழுப்பும் ஓரளவு கட்டுக்குள் இருக்கும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தனி எச்சரிக்கை. பாக்லோஃபெனின் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் பழைய அளவே விஷமாகிவிடும்: அளவுக்கு மீறிய தூக்கம், குழப்பம், மூச்சு மந்தம். அதைக் கண்டு பயந்து ஒரேயடியாக நிறுத்தினால் விலகல். இரண்டு பக்கமும் பள்ளம். டாக்டர் கண்காணிப்பில்லாமல் இங்கே எந்த மாற்றமும் வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். மாத்திரையை என்ன செய்வது?

பாக்லோஃபென் விலகல் பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. ‘வாய்வழி எதுவும் இல்லை’ என்று படுக்கையில் எழுதிப் போட்டதில் மாத்திரையும் நின்றுபோகிறது. இரண்டாம் நாள் நோயாளி பிதற்றுகிறார், காய்ச்சல் ஏறுகிறது, எல்லோரும் கிருமித் தொற்றைத் தேடுகிறார்கள்.

அனுமதியாகும்போதே மயக்க மருந்து நிபுணரிடம் மருந்தின் பெயர், ஒரு நாள் மொத்த அளவு, கடைசியாக எடுத்த நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீரோடு எடுக்கலாமா, மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டுமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். டயஸிபாமுக்கு ஊசி வடிவம் உண்டு. வாய்வழி பாக்லோஃபெனுக்கு ரத்த நாளத்தில் ஏற்றும் எளிய மாற்று வழக்கத்தில் இல்லை. ஆகவே முன்கூட்டியே சொல்வது இங்கே அவசியம்.

கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, வெளியூர்ப் பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோவது ஆகியவையும் இதே கதைதான். கையில் எப்போதும் ஒரு வார இருப்பு தனியாக இருக்கட்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு வேளையைச் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டுப்போயிருந்தால் பழைய முழு அளவை நீங்களாக ஆரம்பிக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

வயிற்றில் பாக்லோஃபென் பம்ப் வைத்திருப்பவர்கள்?

பம்ப் மருந்தைத் தண்டுவட நீரில் நேரடியாக விடுகிறது. அளவு மைக்ரோகிராமில்தான், ஆனால் நின்றால் விளைவு பன்மடங்கு கடுமை. நிற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: நிரப்ப வேண்டிய தேதி தவறியது, குழாய் மடங்கியது அல்லது கழன்றது, பேட்டரி தீர்ந்தது. புண்ணோ தடிப்போ இல்லாத அரிப்பு, பழைய விறைப்பு திரும்புவது, தலைசுற்றல், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை ஆரம்பக் குறிகள். அரிப்பைத் தோல் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். பம்ப்பிலிருந்து பீப் சத்தம் வந்தால் அன்றே மருத்துவமனை. வீட்டில் இருக்கும் பாக்லோஃபென் மாத்திரை ஆஸ்பத்திரி போகும் வழிக்குக் கைகொடுக்கலாம், பம்ப்புக்கு ஈடாகாது. அதையும் எவ்வளவு என்று மருத்துவக் குழுவிடம் முன்பே எழுதி வாங்கி வையுங்கள்.

டிஸானிடினை நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறுமா?

ஏறும். டிஸானிடின் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டி, உடலைப் பரபரப்பாக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளின் சுரப்பை அடக்குகிறது. ரத்த அழுத்த மாத்திரையான குளோனிடினின் சொந்தக்கார மருந்து இது. சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த நார்அட்ரினலின் பொங்கி, ரத்த அழுத்தம் ஏறி, இதயம் வேகமாக அடித்து, தசை விறைப்பும் கூடும். நாளுக்கு 20 முதல் 28 மி.கி. வரை, 9 வாரமோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கும் கூடவே ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். நாளுக்கு 2 முதல் 4 மி.கி. வீதம் குறைப்பது மருந்துக் குறிப்பில் சொல்லப்பட்ட வேகம். 24 மி.கி. எடுப்பவருக்கு 6 முதல் 12 நாள். அந்த நாட்களில் காலையும் மாலையும் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்த்து எழுதி வையுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. இந்த மருந்தைக் கல்லீரலின் ஒரே ஒரு நொதி பெரும்பாலும் சிதைக்கிறது. சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் அந்த நொதியைத் தடுத்து, உடலில் டிஸானிடினின் மொத்த அளவைச் சுமார் 10 மடங்கும், ஃப்ளுவோக்ஸமின் என்ற மனநல மருந்து சுமார் 33 மடங்கும் ஏற்றிவிடும். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். இந்த இரண்டோடும் டிஸானிடின் சேரவே கூடாது. புகையிலைப் புகை நேர்மாறாக அந்த நொதியைத் தூண்டுகிறது. ஆகவே குறைப்பு நடக்கும்போது சிகரெட்டையும் விட்டால் அதே அளவு மாத்திரை கூடுதலாக வேலை செய்யும். சிகரெட்டை விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டயஸிபாமுக்கு ஏன் மாதக்கணக்கு?

டயஸிபாம் மெதுவாகவே உடலை விட்டுப் போகும். பாதியாகக் குறைய ஒன்று இரண்டு நாள், அதன் சிதைபொருளுக்கு இன்னும் கூடுதல். அதனால் நிறுத்தியதும் சில நாள் எதுவும் நடக்காது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று நிம்மதியான நேரத்தில், நான்காம் ஐந்தாம் நாளோ ஒரு வாரம் கழித்தோ விலகல் தொடங்கும். அப்போது அதை மாத்திரையோடு தொடர்புபடுத்தவே பலருக்குத் தோன்றுவதில்லை.

2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்போது எடுக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது இப்போதைய வழிகாட்டல்களின் போக்கு. தொடங்கிய அளவில் 10 சதவீதம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு படியிலும் கையில் இருக்கும் அளவில் கணக்கு. 20 மி.கி. எடுப்பவர் முதலில் 18-க்கும், பிறகு ஏறக்குறைய 16-க்கும் வருவார். இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்றால் 10 மி.கி. தொடவே சுமார் 14 வாரம். கீழே போகப் போகப் படிகள் சின்னதாக வேண்டும். 20-இலிருந்து 18 பத்து சதவீதம், 4-இலிருந்து 2 ஐம்பது சதவீதம். இரண்டும் 2 மி.கி. தான், மூளைக்கு இரண்டும் ஒன்றல்ல. கடைசிச் சில மில்லிகிராமில் பலர் தடுக்கி விழுவது இதனால்.

மாத்திரையைத் துல்லியமாக எப்படிக் குறைப்பது?

நடுவில் கோடு உள்ள மாத்திரையை மட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் பெட்டியில் வெட்டுங்கள். கத்தியால் வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி பொடியாகவும் போகும். ஒரு மாத்திரையை வெட்டினால் அதன் இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்து எடுத்து முடியுங்கள். மொத்த அளவாவது சரியாக இருக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையையும் காப்ஸ்யூலையும் உடைக்கக் கூடாது. முழு மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அளந்து குடிக்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள். டயஸிபாம் தண்ணீரில் சரியாகக் கரையாது. அடியில் தங்கிவிடும், ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் அதிகமாகவும் போய்ச் சேரும். சின்னப் படி வேண்டுமென்றால் குறைந்த வலிமை மாத்திரையோ தயாரித்த சிரப்போ எழுதித் தரச் சொல்லுங்கள். பாக்லோஃபெனுக்கு 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ள திரவம் உண்டு. அதில் 1 மி.லி. என்றால் 1 மி.கி., ஊசி போடாத சிரிஞ்சால் அளக்கலாம்.

ஒரு நோட்டில் நாள், வேளை, அளவு, தூங்கிய மணி நேரம், வலி பத்துக்கு எத்தனை, நடுக்கம் உண்டா என்று ஆறு கட்டம் போட்டு எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால், எந்தப் படி பெரிதாகிவிட்டது என்று டாக்டருக்கு அந்தக் காகிதமே சொல்லும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக் குறைக்கலாமா?

வேண்டாம். நான்கு மருந்துக்கும் இதுதான் பதில். குறுகிய நேரமே உடலில் நிற்கும் பாக்லோஃபெனையோ டிஸானிடினையோ இப்படி எடுத்தால் மூளைக்கு ஒவ்வொரு இரண்டாம் நாளும் ஒரு சிறு விலகல். அளவைக் குறைக்க வேண்டுமே தவிர நாட்களை அல்ல.

வருவது விலகலா, பழைய நோயா?

நேரம்தான் முதல் சாட்சி. அளவைக் குறைத்த சில நாட்களில் திடீரென்று ஏறி, அதே அளவில் நிறுத்திவைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தணிவது பெரும்பாலும் விலகல். பழைய முதுகுப் பிடிப்பு பழைய இடத்தில், பழைய அசைவுக்கே வரும். விலகலில் முன்பு இல்லாத புது அறிகுறிகள் கூடவே வரும்: சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போவது, உள்ளங்கை வியர்ப்பது, தோலுக்கடியில் ஊர்வது போன்ற உணர்வு, காரணமில்லாத பயம். உடல் முழுவதும் தசை துடித்தால் அது ஒரு இடத்துப் பிடிப்பு அல்ல.

அந்த நேரத்தில் ‘மாத்திரை இல்லாமல் என் முதுகு தாங்காது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள். பின்வாங்கி ஏறுவதைவிட நின்று பொறுப்பது பொதுவாக நல்லது. தாங்கவே முடியாவிட்டால் முந்தைய படிக்கு மட்டும் திரும்பி, அடுத்த முறை பாதி அளவு படியாக இறங்கலாம்.

தூக்கம் போய்விட்டது. வேறு மாத்திரை போடலாமா?

சீட்டில்லாமல் எதையும் சேர்க்காதீர்கள். ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டுவது இங்கேதான் நடக்கிறது. நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், காபாபென்டின் இரண்டுக்கும் உடல் பழகும், அவற்றுக்கும் விலகல் உண்டு. மது கண்டிப்பாகக் கூடாது. அதுவும் காபா தட்டிலேயே எடை போடுவது. இரவு தூக்கம் வந்தாலும் விடியற்காலை நடுக்கத்தை அது கூட்டிவிடும்.

எழும் நேரத்தை ஒரே மாதிரி வையுங்கள், இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சரி. பகலில் படுக்காதீர்கள். காபி, டீ மதியத்தோடு நிற்கட்டும். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் தூக்கம் துண்டு துண்டாகவே இருக்கும். அது திரும்பும், மெதுவாக.

பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் 15–20 நிமிடம், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த நீட்சிப் பயிற்சி, தினம் நடை. இவை மாத்திரை போல அரை மணியில் வேலை செய்யாது. குறைப்பு தொடங்கும் முன்பே இரண்டு வாரம் பழகி வைத்தால்தான் கைகொடுக்கும்.

ஓபியாய்டு வலிநிவாரணியும் சேர்த்து எடுக்கிறேன்.

ட்ரமடால், கோடீன், மார்ஃபின், டபென்டடோல் இதில் எதுவானாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓபியாய்டும் டயஸிபாம் வகையும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் போட வைத்தது. கூடவே காரிசோப்ரடோலும் சேர்ந்தால் இன்னும் மோசம். எழுப்ப முடியாத தூக்கம், குறட்டை போல் இழுக்கும் மூச்சு, நீலம் பாரித்த உதடு ஆகியவை கண்டால் உடனே ஆம்புலன்ஸ். நலாக்ஸோன் என்ற முறிமருந்து கையில் இருந்தால் கொடுங்கள். அது ஓபியாய்டை மட்டுமே முறிக்கும், தசைத் தளர்த்தியின் மயக்கம் அப்படியே இருக்கும். ஆகவே கண் திறந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க முயலாதீர்கள். எது முதலில் என்று டாக்டரோடு தீர்மானித்து, ஒன்று அசையும்போது மற்றது அசையாமல் இருக்கட்டும்.

எப்போது ஆம்புலன்ஸ்?

வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், காய்ச்சலோடு கட்டைபோல விறைத்த உடல், கறுத்த சிறுநீர், நெஞ்சு வலி, தற்கொலை எண்ணம். இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அது பெரிய ஆபத்து.

மருத்துவமனை வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: ‘இவர் இந்த மருந்தை இவ்வளவு நாள் எடுத்தார், இன்று நின்று இத்தனை நாள்.’ காய்ச்சலும் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வருவது ரத்தத்தில் கிருமித் தொற்று, மூளைக்காய்ச்சல், மனநல மருந்துகளின் பக்கவிளைவு என்று பலவற்றைப் போலவே தெரியும். பாக்லோஃபென் விலகலுக்கு முக்கிய சிகிச்சை பாக்லோஃபெனை மறுபடி தொடங்குவதுதான். காரணம் தெரியாவிட்டால் அது யாருக்கும் தோன்றாது. காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

தண்டுவடக் காயத்துக்காக எடுக்கிறேன். நானும் நிறுத்த வேண்டுமா?

அவசியமில்லை. தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், பெருமூளை வாதம் ஆகியவற்றில் வரும் விறைப்பு நாள்பட்ட நரம்புப் பிரச்சினை. அங்கே பாக்லோஃபெனும் டிஸானிடினும் வருடக்கணக்கில் தேவைப்படலாம். அந்த மருந்தால் உட்காரவும் நடக்கவும் தூங்கவும் முடிகிறதென்றால் உடல் பழகிப்போனதை எண்ணிக் குற்றவுணர்வு வேண்டாம். சிலருக்குக் காலில் உள்ள விறைப்புதான் நிற்க உதவுகிறது. அதை முழுக்கத் தளர்த்தினால் விழுவார்கள். கழுத்து, முதுகுப் பிடிப்புக்கு எடுப்பவர்கள் கதை வேறு. அங்கே பயன் முதல் சில நாட்களில்தான்.

கர்ப்பிணிகளும் முதியவர்களும்?

கர்ப்பம் தெரிந்ததும் பயந்து நிறுத்தாதீர்கள். தாய்க்கு வரும் வலிப்பு குழந்தைக்கும் ஆபத்து. அதேபோல் பிரசவம் வரை பாக்லோஃபெனோ டயஸிபாமோ எடுத்திருந்தால் குழந்தைக்கே விலகல் வரலாம்: ஓயாத அழுகை, நடுக்கம், பால் குடிக்காமை, சில நேரம் வலிப்பு. குழந்தை மருத்துவருக்குப் பிரசவத்துக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

முதியவர்களுக்குப் பெரும்பாலான தசைத் தளர்த்திகள் வேண்டாம் என்பது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. மயக்கம், விழுதல், எலும்பு முறிவுதான் காரணம். ஆனால் ஏற்கனவே பல மாதம் எடுப்பவருக்கு இதுவும் மெதுவாகத்தான் நிற்க வேண்டும். பாட்டியின் மாத்திரை டப்பாவை ஒரே நாளில் காலி செய்துவிடும் அக்கறையுள்ள பேரப்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டர் ‘சும்மா நிறுத்திவிடுங்கள்’ என்கிறார். என்ன சொல்வது?

எவ்வளவு காலமாக, நாளுக்கு உண்மையில் எத்தனை என்று சொல்லுங்கள். சீட்டில் இருப்பதைவிட அதிகமாக எடுத்தால் அந்த எண்ணையே சொல்லுங்கள். குறைவாகச் சொன்னால் குறைப்புத் திட்டமே தவறான இடத்தில் தொடங்கும். முன்பு விட்டுப் பார்த்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்லி, ‘படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். முன்பு வலிப்பு வந்தவர், மது அதிகம் குடிப்பவர், தனியாக வசிப்பவர் ஆகியோர் அதை மறைக்கவே கூடாது. இவர்களுக்கு வீட்டில் குறைப்பது சரிப்படாமல் போகலாம்.

நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. மிச்ச மாத்திரையை அவசரத்துக்கு வைத்திருக்கலாமா?

வேண்டாம், மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் முன்பு உங்கள் உடல் தாங்கிய அளவை இன்றைய உடல் தாங்காது. ஒரு மோசமான இரவில் பழைய நினைவில் நான்கு மாத்திரையைப் போட்டால், முன்பு தூக்கம் மட்டும் தந்த அந்த நான்கு இன்று மூச்சை நிறுத்தலாம். மறுபடி கடும் பிடிப்பு வந்தால் புதிதாக வந்த நோயாளியாகவே டாக்டரிடம் போங்கள். முன்பு உடல் பழகிப்போன மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.